இரவில் இறங்கும் இரும்புப் பறவைகள்

பாதுகாப்பில் தேறாத அயல்நாட்டு சரக்கு விமானங்களுக்கு ஐரோப்பா பகிரங்கமாகத் தடை போடுகிறது. இரு பெரும் அதிர்ச்சிகளைக் கண்ட இந்தியாவில் அப்படி ஒரு பட்டியல் இல்லை.

ஹரியானாவின் பிவானி மாவட்ட வயல்களில் 1996 நவம்பர் 12 மாலை இரண்டு விமானங்கள் எரிந்துகொண்டே விழுந்தன. ஒன்று தில்லியிலிருந்து கிளம்பிய சவுதி அரேபியன் ஏர்லைன்ஸின் போயிங் 747. வளைகுடாவில் பிழைப்புத் தேடிப் போன இந்தியத் தொழிலாளர்கள் உள்பட 312 பேர் அதில் இருந்தார்கள். இந்த விமானத்தை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். மற்றொன்றைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. கஜகஸ்தான் ஏர்லைன்ஸின் ஐ.எல்.-76 அது. ராணுவ டாங்கிகளையும் கனரகச் சுமைகளையும் ஏற்ற சோவியத் யூனியனில் உருவான சரக்கு விமானம். ஷிம்கென்ட் நகரிலிருந்து தில்லிக்கு வந்த அந்த விமானத்தில் 10 ஊழியர்களுடன் 27 பயணிகளும் இருந்தார்கள். பெரும்பாலோர் தில்லியில் சரக்கு வாங்கிப் போக வந்த வியாபாரிகள்.

சர்க்கி தாத்ரி மோதல் என்று பெயர் பெற்றுவிட்ட அந்த விபத்தில் 349 பேர் இறந்தனர். நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் இன்றுவரை இதைவிடக் கொடியது நடந்ததில்லை. நீதிபதி ஆர்.சி. லகோத்தி தலைமையிலான விசாரணை கமிஷன் கண்டுபிடித்தது கேட்க எளிமையானதுதான். 15,000 அடியில் நிற்கச் சொல்லப்பட்ட கஜக் விமானம் நிற்காமல் கீழே இறங்கியது. 14,000 அடியில் சவுதி விமானம் இருந்தது.

ஏன் இறங்கியது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. தரைக் கட்டுப்பாட்டுடன் ஆங்கிலத்தில் பேசியது விமானி அல்ல, தனியாக ஒரு ரேடியோ ஆபரேட்டர். அவர் முன்னால் உயரமானி கிடையாது. உயரத்தைத் தெரிந்துகொள்ள விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கவேண்டும். சோவியத் வழக்கப்படி அந்த ஊழியர்கள் பழகியது மீட்டர் கணக்கு. தில்லி பேசியதோ அடிக் கணக்கு. ஆங்கிலமும் அரைகுறை. தில்லியின் பங்கும் இதில் இல்லாமல் இல்லை. விமான நிலையத்தில் அன்று இருந்தது பழைய ரக ராடார். திரையில் புள்ளி தெரியும், அது எத்தனை அடி உயரத்தில் பறக்கிறது என்பது தெரியாது. வானத்தின் பெரும்பகுதி விமானப் படையிடம் இருந்ததால் வருவதற்கும் போவதற்கும் ஒரே பாதைதான்.

விபத்துக்குப் பிறகு பாதைகள் பிரிக்கப்பட்டன, புதிய ராடார்கள் வந்தன. எதிரே விமானம் வந்தால் விமானியை எச்சரிக்கும் கருவி இல்லாமல் இந்திய வானில் பறக்கக்கூடாது என்ற விதியும் வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சுமை ஏற்றும் சரக்கு விமானங்களையும் இந்த விதி சேர்த்துக்கொண்டது. இதைப் பாராட்டியாக வேண்டும். ஏனென்றால் அமெரிக்காவில் பயணிகள் விமானங்களுக்கு 1993 இறுதியிலேயே இந்தக் கருவி கட்டாயம் என்றாலும் சரக்கு விமானங்களுக்கு 2005 வரை விலக்கு இருந்தது. பார்சல்களுக்கு உயிர் இல்லை என்ற தர்க்கம் போலும்.

இந்தத் தர்க்கம்தான் உலகம் முழுவதும் சரக்கு விமானத் தொழிலின் கீழ்த்தட்டை வாழவைக்கிறது. கீழ்த்தட்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேல்தட்டில் இருக்கும் பெரிய சரக்கு நிறுவனங்கள் எந்தப் பயணிகள் நிறுவனத்துக்கும் பாதுகாப்பில் குறைந்தவை அல்ல. கீழே இருப்பது வேறு உலகம். இருபது வருடம் பயணிகளைச் சுமந்து களைத்த விமானத்தின் இருக்கைகளைப் பிடுங்கி, பக்கவாட்டில் பெரிய கதவு வெட்டினால் அது சரக்கு விமானம். பகலில் இடம் கிடைக்காததால் இரவில் பறக்கும். புகார் எழுதப் பயணி இல்லை, கீழே இறங்கியதும் பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்க ஆள் இல்லை. விழுந்தால் செத்தது நான்கைந்து ஊழியர்கள் என்று ஒரு சிறு செய்தியோடு முடிந்துவிடும், ஊர்மேல் விழாத வரை.

ஊர்மேலும் விழுந்திருக்கின்றன. 1992 அக்டோபரில் எல் அல் நிறுவனத்தின் சரக்கு 747 ஆம்ஸ்டர்டாமின் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதி 43 பேர் இறந்தார்கள். அதில் விமானத்தில் இருந்தவர்கள் நால்வர் மட்டுமே. 1996 ஜனவரியில் அன்றைய ஜயீரின் தலைநகர் கின்ஷாசாவில் நடந்தது இன்னும் கோரம். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய ஏ.என்.-32 ரக சரக்கு விமானம் மேலே எழும்ப முடியாமல் ஓடுபாதையைத் தாண்டி, கூட்டம் நிறைந்த சந்தைக்குள் புகுந்தது. தரையில் இருந்த 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விமானம் ரஷ்யாவில் பதிவானது, இயக்கியது உள்ளூர் நிறுவனம், பறப்பதற்கான அனுமதிக் காகிதம் மூன்றாவது ஒரு நிறுவனத்தின் பெயரில் இரவல் வாங்கியது.

இரவல் காகிதத்தில் ஒரு விமானம் எப்படிப் பறக்கமுடியும் என்று வியப்பவர்கள் 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தத்தைப் பார்க்கவேண்டும். உலக விமானப் போக்குவரத்தே அதன்மேல்தான் நிற்கிறது. ஒரு நாடு தன் விமானத்துக்குக் கொடுத்த தகுதிச் சான்றிதழை மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். சர்வதேசக் குறைந்தபட்சத் தரத்துக்குக் குறையாமல் அந்த நாடு சோதித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வந்து இறங்கிய அயல்நாட்டு விமானத்தில் ஏறிக் காகிதங்களைப் பார்க்கும் உரிமையும் உண்டு. ஆக எல்லாம் நம்பிக்கை. சான்றிதழ் கொடுத்த நாட்டில் சோதிக்க இன்ஜினியரே இல்லை, கட்டணம் கட்டினால் முத்திரை விழும் என்றால் அந்த நம்பிக்கை என்ன ஆகும்?

சோவியத் யூனியன் சிதறியபோது அதுதான் நடந்தது. ஆயிரக்கணக்கில் அன்டனோவ், இல்யூஷின் விமானங்கள் மலிவு விலைக்கு வந்தன. ஓட்டத் தெரிந்தவர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். லைபீரியா, ஈக்வடோரியல் கினி, ஸ்வாசிலாந்து, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு என்று ஒரு நாட்டின் பதிவேட்டிலிருந்து அடுத்த நாட்டின் பதிவேட்டுக்கு விமானங்கள் தாவின. அந்த நாடுகளின் மண்ணை மிதிக்காமலேயே அவற்றின் கொடியை வாலில் வரைந்துகொண்டன. வியாபாரம் நடந்தது பெரும்பாலும் ஷார்ஜாவில். பின்னாளில் ஆயுத வியாபாரி என்று உலகப் புகழ் பெற்று, 2008-ல் பாங்காக்கில் பிடிபட்டு அமெரிக்கச் சிறைக்குப் போன விக்டர் பூட் கற்றுத் தேர்ந்த கலை இது. ஒரு பதிவேடு நெருக்கினால் இன்னொன்று. பொறுக்கமுடியாமல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலே 2001 மார்ச்சில் தலையிட்டது. பதிவேட்டைச் சரிசெய்யும்வரை லைபீரியாவில் பதிவான விமானங்களைத் தரையில் நிறுத்தும்படி அந்த நாட்டுக்கு உத்தரவிட்டது.

இந்தியாவுக்கு இந்த உலகம் அறிமுகமானது சர்க்கி தாத்ரிக்குப் பதினோரு மாதம் முன்னால். 1995 டிசம்பர் 17 இரவு லத்வியாவில் வாங்கப்பட்ட ஒரு ஏ.என்.-26 சரக்கு விமானம் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான ஏ.கே. ரகத் துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் பாராசூட்டில் இறக்கியது. திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்த விமானம் அல்ல அது. முறையாக அனுமதி பெற்று, வாரணாசியில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போய்த்தான் ஆயுதம் போட்டது. பிறகு தாய்லாந்துக்குப் போய், திரும்பும் வழியில் சென்னையிலும் இறங்கியது. அதன்பிறகே மும்பையில் வலுக்கட்டாயமாக இறக்கப்பட்டது. அப்போதும் அதிலிருந்த முக்கியப் புள்ளியான கிம் டேவி விமான நிலையத்திலிருந்தே நழுவிவிட்டார். புருலியா பாதுகாப்புப் படைகளின் விவகாரம், பறத்தல் தரத்தோடு சம்பந்தம் இல்லாதது என்று வாதிடலாம். ஆனால் இரண்டுக்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான். ஆளில்லாத நேரத்தில் வந்து நிற்கும் அயல்நாட்டு சரக்கு விமானத்தின் கதவைத் தட்டி, யார் நீ, உன் காகிதத்தைக் காட்டு என்று கேட்பது யார்?

ஐரோப்பாவுக்கும் இந்தக் கேள்வி தாமதமாகத்தான் உறைத்தது. 2004 ஜனவரி 3 அன்று எகிப்தின் ஃப்ளாஷ் ஏர்லைன்ஸ் விமானம் செங்கடலில் விழுந்து 148 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் விடுமுறைக்குப் போன பிரெஞ்சுக்காரர்கள். பிணங்களைத் தேடும்போதே ஒரு செய்தி வெளியாயிற்று. அந்த நிறுவனத்தின் விமானத்தைச் சோதித்துப் பார்த்த ஸ்விட்சர்லாந்து 2002-லேயே அதற்குத் தடை போட்டிருந்தது. ஆனால் வெளியே சொல்லவில்லை. பக்கத்து நாட்டுப் பயணிகளுக்கு அது தெரியாது. விபத்துக்குக் காரணம் அந்தச் சோதனையில் கண்ட குறைதானா என்பது வேறு விஷயம். ரகசியமாகத் தடை போடுவது யாரைக் காப்பாற்ற என்று பிரான்ஸ் கொதித்தது. அடுத்த ஆண்டு மேலும் சில விபத்துகள். 2005 டிசம்பரில் சட்டம் வந்தது. 2006 மார்ச் 22-ல் முதல் கறுப்புப் பட்டியல் வெளியானது.

அதில் முழுத் தடைக்கு உள்ளான 92 நிறுவனங்களில் பெரும்பாலானவற்றின் பெயரை ஐரோப்பியப் பயணி யாரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார். காங்கோ, சியெரா லியோன், ஈக்வடோரியல் கினி, லைபீரியா, ஸ்வாசிலாந்து ஆகிய நாடுகளில் பதிவான நிறுவனங்கள் கூண்டோடு இடம்பெற்றன. நிறைய நிறுவனங்கள் சரக்கு மட்டுமே ஏற்றுபவை. தனியே பெயர் குறிப்பிட்டுத் தடை செய்யப்பட்டவற்றிலும் சரக்கு நிறுவனங்கள் உண்டு. விமானத்தை அல்ல, சான்றிதழ் கொடுத்த அரசைத் தண்டிப்பது என்பதே இதன் புதுமை. பத்து நிறுவனங்களை ஒவ்வொன்றாகத் துரத்தினால் பதினோராவது பெயரில் வரும். பதிவேட்டையே மதிக்கமாட்டோம் என்றால் தாவுவதற்கு இடம் குறைகிறது.

இந்தத் தடி யார்மேல் எல்லாம் விழுந்தது என்பது சுவாரசியம். 2009 ஜூலையில் ஏர் அஸ்தானா ஒன்றைத் தவிர கஜகஸ்தானின் எல்லா விமான நிறுவனங்களும் பட்டியலில் ஏறின. சர்க்கி தாத்ரிக்குப் பிறகு அந்த நாட்டின் மேற்பார்வை சரியாகியிருக்கும் என்று நம்பியவர்களுக்கு, பதின்மூன்று ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் இது. 2016 டிசம்பரில்தான் முழுவதுமாக விடுபட்டார்கள்.

2009 அக்டோபர் 21 அன்று ஷார்ஜாவிலிருந்து கார்ட்டூம் கிளம்பிய போயிங் 707 சரக்கு விமானம் மேலெழும்பிய சில நிமிடங்களில் தலைகுப்புற விழுந்து ஆறு ஊழியர்களும் இறந்தனர். சூடானின் அஸ்ஸா நிறுவனத்துக்குச் சொந்தமான விமானம், தயாரான ஆண்டு 1969. இன்ஜினை மூடியிருந்த தகடு ஒன்று கழன்று விழுந்தது. அதோடு இன்ஜினின் சக்தியைக் காட்டும் முள்ளும் செயலிழந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நின்றுவிட்டதாக நினைத்து ஊழியர்கள் விமானத்தைத் திருப்பினார்கள். தாழ்ப்பாள் சரியாகப் போடாத ஒரு தகடு! பராமரிப்புக் குறைகளை விசாரணை வரிசையாகச் சுட்டிக்காட்டியது. 2010 மார்ச்சில் சூடானின் எல்லா நிறுவனங்களுக்கும் ஐரோப்பா தடை போட்டது.

தடைக்கு எதிரான வாதங்களும் வலுவானவை. ஐரோப்பாவுக்கு ஒருநாளும் பறக்காத காங்கோ விமானத்துக்கு ஐரோப்பாவில் தடை என்பது மீன் வாங்காதவனுக்கு மீன் கடையில் தடை மாதிரி. தடைபட்ட விமானம் உடைபடுவதில்லை. சோதனை குறைந்த ஊருக்கு நகர்கிறது. ஆபத்து ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது. சாலை இல்லாத காட்டுக்குள் அரிசியும் மருந்தும் கொண்டு போக இந்த ஓட்டை விமானங்களை விட்டால் வழியே இல்லாத பகுதிகள் உண்டு. பணக்கார நாடுகளின் நிறுவனங்கள் தப்பித்துக்கொள்கின்றன என்ற புகாரும் பழையது. கானாவில் பதிவாகி இங்கிலாந்திலிருந்து நடத்தப்பட்ட எம்.கே. ஏர்லைன்ஸின் 747 சரக்கு விமானம் 2004 அக்டோபரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் விழுந்து ஏழு பேர் இறந்தனர். லேப்டாப்பில் சுமார் 350 டன் என்று போட வேண்டிய எடைக்குப் பதில், அதற்கு முந்தைய கிளம்பலின் 240 டன்னே கணக்கில் இருந்துவிட்டது. ஊழியர்களின் களைப்பும் காரணம் என்றது கனடா விசாரணை. களைப்பு ஏழை நாடுகளின் நோய் மட்டும் அல்ல. 2014-ல் நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் புதிய ஓய்வு விதிகள் பயணிகள் விமானிகளைக் காப்பாற்றின, சரக்கு விமானிகளை விலக்கி வைத்தன.

இருந்தாலும் பகிரங்கத் தடைக்கு ஒரு பலன் உண்டு. அவமானம் வேலை செய்கிறது. 2007-ல் தன் 51 நிறுவனங்களும் ஒட்டுமொத்தமாகத் தடைபட்டபோது இந்தோனேஷியா முதலில் கோபப்பட்டது. பிறகு வேலையைப் பார்த்தது. 2009-ல் கருடா உள்ளிட்ட சில நிறுவனங்கள் வெளியே வந்தன. 2018-ல் எல்லாமே வந்துவிட்டன. 2016 நவம்பர் முதல் ஐரோப்பா இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறது. எந்த அயல்நாட்டு நிறுவனமும் தனியாக ஐரோப்பியப் பாதுகாப்பு அனுமதி வாங்காமல் வியாபாரத்துக்கு வரமுடியாது, சரக்கானாலும் பயணியானாலும். விமானிகளின் லைசென்ஸ் மோசடி அம்பலமானதும் பாகிஸ்தானின் பி.ஐ.ஏ. 2020-ல் இழந்தது இந்த அனுமதியைத்தான். திரும்பப் பெற நான்கு ஆண்டு பிடித்தது. கறுப்புப் பட்டியலும் சுருங்கிவிடவில்லை. 2025 ஜூன் நிலவரப்படி அதில் 169 நிறுவனங்கள். அயல்நாட்டாரிடம் குத்தகைக்கு எடுத்த விமானங்களை உக்ரைன் போருக்குப் பிறகு தன் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டு, சரியான தகுதிச் சான்றிதழ் இல்லாமல் பறக்கவிட்ட ரஷ்ய நிறுவனங்களும் இதில் அடக்கம். கொடி மாற்றும் கலையை இந்த முறை ஒரு பெரிய அரசே கையில் எடுத்தது.

அவமானத்தின் சுவை இந்தியாவுக்கும் தெரியும். 2014 ஜனவரியில் அமெரிக்க விமானத் துறை நிர்வாகம் இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. குற்றம் எந்த விமானத்தின் மீதும் இல்லை. மேற்பார்வையிடும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் போதிய பயிற்சி பெற்ற சோதனை அதிகாரிகள் இல்லை என்பதே முக்கியப் புகார். ஏர் இந்தியாவும் ஜெட் ஏர்வேஸும் அமெரிக்காவுக்குப் புதிதாக ஒரு சர்வீஸ்கூட விடமுடியவில்லை. ஆட்களை நியமித்து, 2015 ஏப்ரலில்தான் இந்தியா பழைய இடத்துக்குத் திரும்பியது.

அயல்நாட்டு விமானங்கள் விஷயத்தில் இந்தியாவின் பழக்கம் பெரும்பாலும் அவசரத் தேவைக்கு வளைந்து கொடுப்பதுதான். 1992 இறுதியில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, விமானம், விமானி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து உஸ்பெகிஸ்தானிலிருந்து டுபோலெவ்-154 விமானங்கள் வாடகைக்கு வந்தன. 1993 ஜனவரி 9-ல் ஹைதராபாத்திலிருந்து வந்த அவற்றில் ஒன்று தில்லியில் இறங்கும்போது கவிழ்ந்து எரிந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் பிழைத்தது அதிசயம். பயணிகளுக்கு டிக்கெட் கொடுத்தது இந்தியன் ஏர்லைன்ஸ், ஓட்டியது வேறு நாட்டின் சான்றிதழ். சரக்கு உலகில் இந்த வாடகை ஏற்பாடு அன்றாடம். மேலே ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும், உள்ளே இருப்பது யாரோ.

சரக்கைப் பொறுத்தவரை 1990களின் தொடக்கம் முதலே இந்தியாவின் வானம் திறந்த வானம். திருப்பூர் பனியனும் நாசிக் திராட்சையும் ஹைதராபாத் மருந்தும் வெளிநாடு போக இந்திய சரக்கு விமானங்கள் போதாது என்பதால் அயல்நாட்டார் தாராளமாக அனுமதிக்கப்பட்டார்கள். ஏற்றுமதியாளர்களுக்கு அது நல்லதே செய்தது. அந்தக் கதவு 2020 அக்டோபரில் பாதி மூடப்பட்டது. அட்டவணை இல்லாமல் அவ்வப்போது வரும் அயல்நாட்டு சரக்கு விமானங்கள் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூர், ஹைதராபாத் ஆகிய ஆறு ஊர்களில் மட்டுமே இறங்கலாம். இதைப் பாதுகாப்பு நடவடிக்கை என்று யாராவது நினைத்தால் ஏமாந்துபோவார்கள். உள்நாட்டு நிறுவனங்களுக்குப் போட்டியைக் குறைக்கும் முடிவு அது. நல்ல விமானத்துக்கும் ஓட்டை விமானத்துக்கும் ஒரே விதி. தாழ்ப்பாள் கழன்ற விமானம் நாக்பூரில் இறங்கக்கூடாது, சென்னையில் இறங்கலாம்.

பாதுகாப்புக்கு என்று இருப்பது திடீர்ச் சோதனை. வந்து நிற்கும் அயல்நாட்டு விமானத்தில் தலைமை இயக்குநரகத்தின் அதிகாரிகள் ஏறிச் சான்றிதழ்கள், டயர், தீயணைப்புக் கருவி, சரக்கு கட்டப்பட்ட விதம், விமானியின் லைசென்ஸ் எல்லாவற்றையும் பார்க்கலாம். குறை பெரிதாக இருந்தால் விமானத்தைக் கிளம்பவிடாமல் நிறுத்தலாம். ஐரோப்பா செய்வதும் அடிப்படையில் இதையேதான். வித்தியாசம், அங்கே ஒரு நாட்டில் கண்ட குறை எல்லா நாடுகளுக்கும் பொதுவான பதிவில் ஏறுகிறது, தொடர்ந்தால் பட்டியலாகிப் பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது. இங்கே எந்த நிறுவனம் தேறவில்லை என்று ஊருக்குச் சொல்லும் பட்டியல் எதுவும் வெளியாவதில்லை. பூந்தோட்டக்காரரும் பின்னலாடைக்காரரும் தங்கள் சரக்கு எந்த விமானத்தில் போகிறது என்று தெரிந்துகொள்ள ஏஜென்டைத்தான் கேட்கவேண்டும். ஓடுபாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் யாரைக் கேட்பது?

பட்டியல் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அதற்கு முன்னால் நள்ளிரவு இரண்டு மணிக்கு டார்ச் விளக்கோடு விமானத்துக்கு அடியில் போய் நிற்க ஆள் வேண்டும். 2025 ஆகஸ்டில் பாராளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கைப்படி தலைமை இயக்குநரகத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 1,063. நிரப்பப்பட்டவை 553.